கோண்டாவில் வீடொன்றின் பதினான்கு திரைகள்: லைனிங் வைத்த யன்னல் சீலை தண்ணீரில் விழுந்தபோது

தோய்த்துக் காய்ந்த இரண்டு திரைகளையும் திரும்பக் கொழுவிய பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. நடுப்பகுதி முன்புபோலவே நிலத்துக்குச் சற்று மேலே நின்றது. இரண்டு கரைகளும் நாலு விரற்கடை மேலேறி, தையல் நெடுகச் சுருக்குப் பிடித்திருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் லைனிங் துணி அரைக்கால் சட்டைபோலக் குட்டையாகத் தொங்கியது. "சீலை சுருங்கிப் போச்சு" என்றுதான் வீட்டில் முடிவு கட்டினார்கள். சீலை சுருங்கவே இல்லை என்பதுதான் இந்த ஆய்வின் தொடக்கம்.

வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில். மண்டபத்து யன்னல்கள் மேற்கும் தென்மேற்கும் பார்த்தவை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று நேரே அந்த யன்னல்களில்தான் அடிக்கும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வருவதற்கு முன் வீட்டைத் துப்புரவாக்கும் வேலையில், ஐந்து வருடமாகக் கழற்றாத திரைகளுக்கும் முறை வந்தது. மொத்தம் பதினான்கு.

மண்டபத்தில் எட்டுத் திரைகள். முன்துணி மெரூன் நிறப் பொலியெஸ்ரர் ஜக்காட், பின்னால் கிறீம் நிறப் பருத்திச் சற்றீன் லைனிங். முழு நீளம் 230 சென்ரிமீற்றர், விரித்த அகலம் 140. லைனிங்கின் அடிமடிப்பு முன்துணியை விட 2.5 சென்ரிமீற்றர் மேலே நிற்குமாறு தைத்தது. மேலே கொழுக்கி மாட்டும் நாடாவோடும் இரு பக்கமும் முன்துணியோடும் சேர்த்துத் தையல், அடிப்பக்கம் மட்டும் விட்டுத் தொங்கல். படுக்கையறைகளில் வெளிச்சத்தை மறிக்கும் நான்கு பிளக்அவுட் திரைகள். மேல்மாடிச் சிறிய அறையில் இரண்டு, விஸ்கோஸ் கலந்த பளபளப்புத் துணி, மேலே பக்ரம் என்ற விறைப்புத் துணி வைத்துக் கொசுவம் பிடித்துத் தைத்தவை. மூன்று வகைக்கும் மூன்று வைத்தியம். வீட்டில் செய்ததோ எல்லாவற்றுக்கும் ஒன்றே: மேலிருந்து துணி போடும் 7 கிலோ மெஷின், சவர்க்காரத் தூள், வழமையான சுழற்சி, பிறகு உச்சி வெயிலில் கொடி. நல்ல வேளையாக மண்டபத் திரை இரண்டும் பிளக்அவுட் ஒன்றும் ஆன உடனேயே நிறுத்திவிட்டார்கள்.

சுருங்கியது எது

கழற்றிய இரண்டையும் மேசையில் விரித்து அளந்தால் கணக்கு தெளிவு. முன்துணி 230-இலிருந்து 229. லைனிங் 227.5-இலிருந்து 218.5. அதாவது முன்துணி அரை வீதம்கூடச் சுருங்கவில்லை, லைனிங் கிட்டத்தட்ட 4 வீதம் சுருங்கியிருக்கிறது. பக்கத் தையலில் இரண்டும் ஒன்றாகப் பிடிபட்டிருப்பதால், குறுகிய லைனிங் நீளமான முன்துணியை மேலே இழுக்கிறது. நடுவில் தையல் இல்லாததால் அங்கே முன்துணி தன் நீளத்துக்குத் தொங்குகிறது. கரை ஏறுவதும் சுருக்கு விழுவதும் இதனால்தான்.

பச்சைத் தண்ணீரில்தானே தோய்த்தோம், சூடு காட்டவில்லையே என்பது வழமையான கேள்வி. பருத்தி சுருங்கச் சூடு கட்டாயம் இல்லை. தறியில் நூல் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையில் நெய்யப்படுகிறது, அந்த இழுவையோடேயே ஆலையில் முடித்து உருட்டப்படுகிறது. முதல் முறை தண்ணீர் ஏறும்போது இழை வீங்கி, நூல் தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது. சூடும் சுழற்சியும் அதை விரைவுபடுத்தும், அவ்வளவே. ஆலையிலேயே முன்சுருக்கம் செய்யாத மலிவான லைனிங் 3 முதல் 5 வீதம் போவது சாதாரணம், அதற்கு மேலும் போகும். சட்டைக் கழுத்தில் இது ஒன்றரைச் சென்ரிமீற்றர். 230 சென்ரிமீற்றர் திரையில் நாலு விரற்கடை.

பொலியெஸ்ரர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். சாதாரணத் தோய்ப்புச் சூட்டில் அது நீளம் மாறாது. ஆகவே லைனிங் வைத்த திரையை ஒரு துணியாக எண்ணக்கூடாது. ஒன்றோடொன்று தைத்துக் கட்டிய, தண்ணீரில் இரண்டு விதமாக நடக்கிற இரண்டு துணிகள் அவை. முன்துணியின் விலையையும் அழகையும் பார்த்துத் தோய்ப்பு முறையைத் தீர்மானிப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. தீர்மானிக்க வேண்டியது பின்னாலிருக்கிற, யாரும் பார்க்காத துணி.

7 கிலோ மெஷினில் இரண்டு திரை போட்டதும் பிழைதான். ஒரு திரையின் உலர் எடை ஏறக்குறைய 1.3 கிலோ, இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவும் வராது. எடைக் கணக்கில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த 7 கிலோ சிறு உடுப்புகளுக்கான கணக்கு. மூன்றேகால் சதுர மீற்றர் துணி இரண்டு அடுக்காகச் சுருண்டால் தொட்டிக்குள் புரளவே இடமில்லை, நடுத்தண்டில் கயிறுபோல முறுகும். முறுகல் விழுந்த இடத்தில் லைனிங் இழை விலகியும் இருந்தது.

செம்மண் தண்ணீரைக் கண்டால்

சுருக்கத்துக்கு அடுத்த முறைப்பாடு, லைனிங்கின் அடிமடிப்பு நெடுக விழுந்த பழுப்பு வரி. தோய்க்கும் முன் அது இல்லை.

அடிமடிப்பு என்பது இரண்டு தரம் மடித்துத் தைத்த பை. ஐந்து வருடச் சோழகம் கொண்டுவந்த செம்மண் தூள் மேலிருந்து உதிர்ந்து உதிர்ந்து அந்தப் பைக்குள் சேர்கிறது. பொலியெஸ்ரரில் பிறக்கும் நிலைமின்னும் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். உலர்ந்திருக்கும் வரை அது தூள், தட்டினால் போகும். தண்ணீர் பட்டால் சேறு. சேறு மடிப்பின் தையல் துளைகளால் வெளியே கசிந்து, காயும்போது ஈரத்தின் எல்லையில் வரியாகப் படிகிறது. வலிகாமத்துச் செம்மண்ணின் நிறம் இரும்பு ஒட்சைட்டு. அது தண்ணீரில் கரையாது, பிளீச்சுக்கும் அசையாது. இந்த வரிக்கு பிளீச் ஊற்றும் யோசனை வீட்டில் இருந்தது. ஊற்றியிருந்தால் கறை அப்படியே நிற்க, துணி நலிந்திருக்கும். தண்ணீரில் கரைந்த இரும்பு இருந்தால் பிளீச் அதையும் கறளாக்கித் துணியில் படியவைக்கும்.

மீதி ஆறு திரைகளில் முதல் வேலையாக அடிமடிப்பின் இரு மூலைகளிலும் பத்துச் சென்ரிமீற்றர் தையலைப் பிரித்து, வெளியே கொண்டுபோய் உதறினோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி மண் விழுந்தது. பிறகு மென்தூரிகை முனை பூட்டிய வெக்கியூம் கிளீனரைக் குறைந்த இழுவையில் வைத்து, மேலிருந்து கீழாக, முதலில் லைனிங் பக்கம், அடுத்து முன்பக்கம். கொசுவங்களுக்குள் இருந்த குளவிக்கூடுகளை நனைக்காமல், பழைய ரெலிபோன் காட் ஒன்றால் சுரண்டி எடுத்தோம். பல்லி எச்சமும் அப்படித்தான்: காய்ந்தபடியே நகத்தால் தட்டினால் கட்டியாக விழும், நனைத்துத் தேய்த்தால் அதன் கருப்பு நிறம் இழைக்குள் இறங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு இரண்டு திரைகளைத் தோய்க்கத் தேவையே இல்லை என்று தெரிந்தது. எண்ணெய்ப் பசையும் நுளம்புச் சுருள் புகையும் படாத திரையில் அழுக்கு என்பது பெரும்பாலும் உலர்ந்த தூள்தான். சோழக மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் தூரிகை முனையால் இழுத்து, வருடத்துக்கு ஒரு தரம் அடிமடிப்பை உதறினால், தண்ணீர் காட்டுவதை நாலைந்து வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். தோய்ப்பதைத்தான் துப்புரவு என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். லைனிங் வைத்த திரைக்கு அது கடைசி வழி.

மிச்சம் நான்கு

சாம்பிராணி, நுளம்புச் சுருள் இரண்டின் மஞ்சள் படலமும் ஏறிய நான்கு மண்டபத் திரைகளுக்குத் தண்ணீர் தவிர வழியில்லை. முதலில் மூன்று சோதனைகள்.

துணி எது என்பதற்கு, அடிமடிப்பின் உள்பக்கத்திலிருந்து நூல் இரண்டு உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தோம். லைனிங் நூல் கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானது, பருத்தி. முன்துணி நூல் உருகிக் கடினமான மணியாகச் சுருண்டது, பொலியெஸ்ரர். நூல் உருகிச் சாம்பலும் விட்டால் கலப்பு.

சாயத்துக்கு, திரவச் சலவைக் கரைசலில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை மெரூன் துணியின் உள்மடிப்பில் வைத்து, மேலே தட்டும் பாரமும் ஏற்றிப் பத்து நிமிடம். வெள்ளையில் மெல்லிய இளஞ்சிவப்பு ஏறியது. அந்தச் சாயம் கிறீம் லைனிங்கோடு ஒன்றாக ஊறினால் லைனிங் ரோசாவாகும். பிரித்துத் தோய்க்க இது ஒன்றே போதிய காரணம்.

மூன்றாவது வெயில் சோதனை, பலரும் விட்டுவிடுவது. திரையை ஒதுக்கிக் கட்டும்போது யன்னல் ஓரத்தில் எப்போதும் வெயில் படுகிற ஒரு பட்டை இருக்கும். அந்த இடத்து லைனிங்கை இரண்டு பெருவிரல்களுக்கிடையில் பிடித்து மெல்ல எதிரெதிராக அழுத்த வேண்டும். நல்ல துணி நெகிழும். வெயில் தின்ற துணி "பிசுக்" என்று விரியும். பார்வைக்கு முழுசாக இருக்கும், தண்ணீரில் ஊறித் தன் பாரம் தானே தாங்கும்போது கிழியும். நான்கில் ஒன்று இதில் தவறியது. அந்த லைனிங் தோய்க்கப்படவில்லை, மாற்றப்பட்டது. தோய்த்துக் கிழிந்த பிறகு தண்ணீரைக் குறை சொல்வார்கள். கிழித்தது ஐந்து வருட மேற்கு வெயில்.

பிறகு பிரிப்பு. ஒவ்வொரு திரையின் முன்துணிக்கும் லைனிங்குக்கும் ஒரே எண்ணிக்கையில் நூல் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்து, நீளத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்தில் அளந்து எழுதினோம். கொழுக்கிகளைக் கழற்றி, நாடாக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, கொசுவம் முழுவதும் தட்டையாக விரியும்வரை தளர்த்தினோம். கயிற்றை வெட்டக் கூடாது, வெட்டினால் நாடா முழுவதும் மாற்ற வேண்டிவரும். தையல் பிரிக்கும் கத்தியால் பக்கத் தையலையும் மேல் நாடாத் தையலையும் பிரிக்க ஒரு திரைக்கு முக்கால் மணித்தியாலம் போனது. அடிமடிப்பு மூலைகளில் வைத்திருந்த பாரத் துண்டுகளில் இரண்டு இரும்பாக இருந்து கறள் விட்டிருந்தன. அவை போய், ஈயம் பதித்து உறை போட்டவை வந்தன.

லைனிங்கை வேண்டுமென்றே சுருக்கினோம். அடுத்த முறை சுருங்கப் போவதை இப்போதே முடித்துவிட வேண்டும். கொதிநீரும் கிணற்று நீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வரும். 20 லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் 30 மில்லிலீற்றர் திரவச் சலவையும். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அமுக்கி அமுக்கி அழுக்கெடுத்து, நாலு தரம் அலசி, காயவைத்து அளந்து, இன்னொரு தரம் சுடுநீரில் போட்டு மீண்டும் அளவு. முதல் முறை 8.5 சென்ரிமீற்றர், இரண்டாம் முறை 1.5. அதற்குப் பிறகு மில்லிமீற்றர்க் கணக்குத்தான்.

சோடா எதற்கு என்றால், யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டியது. கல்சியம் நிறைந்த வன்னீர். கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரைக்கு முன் வெள்ளைத் திரளைதான் வரும், அந்தத் திரளை துணியில் படிந்து மொரமொரப்பாகி நரைக்கும். ஐந்தாறு தரம் தோய்த்த லைனிங் கடதாசிபோல நிற்பது இதனால். சோடா கல்சியத்தைப் படியவைத்துத் தண்ணீரை மென்மையாக்கும், திரவச் சலவைக்கோ வன்னீரில் திரளையே வராது. சோடா பருத்திக்கு மட்டும். பட்டு, விஸ்கோஸ், பூச்சுத் துணி எதற்கும் வேண்டாம். மழைநீர்த் தொட்டி உள்ள வீடு என்றால் கடைசி அலசலை மழைநீரில் செய்யலாம், வித்தியாசம் கையிலேயே தெரியும். இல்லாவிட்டால் கடைசி அலசலில் 20 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரி. பிளீச் பட்ட தண்ணீரில் வினாகிரி ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், ஆகவே இரண்டும் ஒரே நாளில் ஒரே பேசினுக்குக் கிட்டவே வரவேண்டாம்.

முன்துணிக்கு நேரெதிர் முறை. தண்ணீர் 30 பாகை, கிணற்றடிச் சூடே போதும். 20 லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் திரவம், 15 நிமிடம், ஒரு நேரத்தில் ஒரு திரை. சாயம் விடும் துணி ஊறிக் கிடக்கக் கூடாது. பிழியவும் கூடாது, மடித்து அமுக்க வேண்டும். மூன்று அலசல். சுடுநீர் கூடாததற்குக் காரணம் சுருக்கம் அல்ல: பொலியெஸ்ரர் சூட்டில் இளகும்போது விழுந்த மடிப்பு ஆறும்போது நிலைத்துவிடும், பிறகு மினுக்கினாலும் போகாது.

காயவைக்க ஆடி மாதம் நல்லதும் கெட்டதும். மழை இல்லை, ஈரப்பதன் குறைவு. ஆனால் பத்து மணிக்கு மேல் காற்று எழும்பினால் ஈரத்துணியில் புழுதி ஒட்டி, செய்த வேலை எல்லாம் திரும்பவும். விடியற்காலையில் தோய்த்து, வீட்டின் வடகிழக்குச் சுவரோரம், நிழலில், இரண்டு கொடிகளுக்கு மேலாகக் குறுக்கே விரித்தோம். மூலையில் கிளிப் குத்தித் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் மூலை கூராக இழுபடும். ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். தடித்த மடிப்பு இரண்டு நாளுக்கும் காயாது, மூன்றாம் நாள் பூஞ்சண மணம்.

திரும்பச் சேர்த்ததில்தான் முக்கியமான மாற்றம். லைனிங் இப்போது 217.5. அதன் அடிமடிப்பு 5 சென்ரிமீற்றராக இரண்டு தரம் மடித்தது, உள்ளே கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் துணி ஒளிந்திருந்தது. அதைப் பிரித்து 8 சென்ரிமீற்றரை இறக்கி, மிச்சத்தில் ஒடுக்கமான ஒரு மடிப்புத் தைக்க 225.5 வந்தது. முன்துணிக்கு மூன்று நாலு சென்ரிமீற்றர் மேலே. பழைய மடிப்பு வரி பின்பக்கத்தில் தெரியும், முன்னால் யாருக்கும் தெரியாது. மேலே பழையபடி நாடாவோடு தைக்கவில்லை. லைனிங்குக்கென்று இரட்டை இதழுள்ள தனி நாடா கிடைக்கிறது. இதழ்களுக்கிடையில் லைனிங்கின் மேற்கரையைச் செருகித் தைத்தால், அதே கொழுக்கி லைனிங் நாடாவையும் முன்துணி நாடாவையும் சேர்த்துக் கோத்துக்கொள்ளும். பக்கங்களில் தையலுக்குப் பதிலாக 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, 3 சென்ரிமீற்றர் நீள நூல் வளையங்கள். இரண்டு துணியும் இனி தன்தன் பாட்டில் நீளும், குறுகும். லைனிங்கை மட்டும் கழற்றித் தோய்க்கலாம்.

முதலில் கெட்டுப்போன இரண்டு திரைகளுக்கும் இதையே செய்தோம். பக்கத் தையல் பிரிந்ததும் முன்துணி தானாகவே நேராகிவிட்டது, மேலே ஈரத்துணி போட்டு ஒரு புள்ளிச் சூட்டில் (மினுக்கியின் ஆகக் குறைந்த சூடு) மினுக்கியதோடு சுருக்கு மறைந்தது. துணி கெடவில்லை, இணைப்புத்தான் கெட்டிருந்தது. இதைத் தெரியாமல் எத்தனை நல்ல திரைகள் வெட்டிக் கால்துடைப்பான் ஆகியிருக்கும். செம்மண் வரி மட்டும் பாதிதான் போனது.

பிளக்அவுட் என்றால் வேறு கதை

நாலில் ஒன்று மெஷினுக்குள் போய்வந்தது என்று சொன்னோம். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மின்னல் கோடுகள்போல் வெள்ளை வரிகள், இரண்டு இடத்தில் தோல் உரிந்த திட்டு.

பிளக்அவுட் லைனிங் என்பது துணி அல்ல, துணியின் மேல் நுரைப்பூச்சு. பொலியெஸ்ரரும் பருத்தியும் கலந்த அடித்துணியில் அக்ரிலிக் நுரையை அடுக்கடுக்காகப் பூசுவார்கள். மூன்று பூச்சு உள்ளதில் நடு அடுக்கு கருப்பு, வெளிச்சத்தை மறிப்பது அதுவே. மெஷினின் கடைசிச் சுழற்சியில் துணி தொட்டிச் சுவரோடு அமுங்கிக் கூர்மையாக மடிகிறது, மடிப்பில் பூச்சு வெடிக்கிறது. வெடித்த இடத்தால் வெளிச்சம் வரும். உரிந்த திட்டுகளுக்குக் காரணம் வேறு: ஈரத்தோடு கூடைக்குள் மடித்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். சூடான பூச்சு பூச்சோடு ஒட்டியது, விரிக்கும்போது ஒரு பக்கத்துத் தோல் மறுபக்கத்தில் போய்விட்டது. இதற்கு மருந்தில்லை. பசை, பெயின்ற், தைத்துப் போடும் ஒட்டு எதுவும் நிற்காது, ஒட்டுத் தைத்தால் ஊசித் துளை ஒவ்வொன்றும் இரவில் நட்சத்திரம். முன்துணியை வைத்துக்கொண்டு புது லைனிங் போடுவதே வழி.

தப்பிய மூன்றையும் கழற்றாமலேயே துப்புரவு செய்தோம். முன்பக்கம் வெக்கியூம் மட்டும். பூச்சுப் பக்கம் முதலில் உலர்தூரிகை, பிறகு ஒரு லீற்றர் வெதுநீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சலவை, அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்மையான வெள்ளைத் துணி. அரை மீற்றர்ச் சதுரமாகப் பிரித்து, மேலிருந்து கீழே ஒரே திசையில் துடைத்து, உடனே வெறுந்தண்ணீர்த் துணியால் ஒரு தரம். சுற்றிச்சுற்றித் தேய்த்தால் நுரை பொடியாகச் சுருளும். தொங்கியபடியே மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, அதுவரை ஒதுக்கிக் கட்டவில்லை. மை, பேனைக் கோடுகளுக்கு மண்ணெண்ணெயோ தின்னரோ கொண்டு போகாதீர்கள், பூச்சு இளகிவிடும். மினுக்கவும் வேண்டாம். கட்டாயம் என்றால் முன்பக்கத்திலிருந்து, இடையில் துணி வைத்து, ஆகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல்.

ஒரு திரையில் பூஞ்சணப் புள்ளிகள் இருந்தன. முகமூடி போட்டு, அதை மட்டும் கழற்றி வெளியே எடுத்து, உலர்ந்தபடி தூரிகையால் தட்டி, மேற்சொன்னபடி துடைத்ததில் மணம் போனது. கருப்புப் புள்ளி நுரைக்குள் வேர்விட்டிருந்ததால் நிழலாக நின்றது. பிளீச் அதை வெளுக்கலாம், ஆனால் பூச்சையும் அடித்துணியையும் சேர்த்தே தின்னும். புள்ளி நிற்கட்டும் என்று விட்டோம்.

கடைக்குப் போன இரண்டு

மேல்மாடித் திரைகளுக்கு வீட்டில் தண்ணீர் காட்டவே இடமில்லை. விஸ்கோஸ் ஈரத்தில் ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழக்கும், பருத்தியை விடக் கூடச் சுருங்கும். கொசுவத்தைத் தாங்கும் பக்ரம் கஞ்சியால் விறைத்தது, நனைந்தால் துவண்டு கந்தையாகும். ஒட்டுப் பக்ரம் என்றால் பசை விட்டுக் கொப்பளிக்கும். இவை உலர்சலவைக்குப் போனவை.

உலர்சலவை உலர்ந்ததல்ல, தண்ணீருக்குப் பதிலாகக் கரைப்பான். கரைப்பான் பருத்தியையும் விஸ்கோஸையும் வீங்கவைக்காது, அதனால்தான் சுருக்கம் குறைவு. எண்ணெய், புகைப் பிசின் கரையும். உப்புக் கரையாது. கோண்டாவிலுக்கு இது பெரிய விடயமில்லை. குருநகர், பாசையூர், காங்கேசன்துறைப் பக்கத்து வீடுகளில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து லைனிங்கில் படியவைக்கும். ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் தானே தண்ணீரை இழுக்கும், நம் இரவுகளில் அது அடிக்கடி தாண்டும். திரை காலையில் பிசுபிசுக்கும், கொழுக்கி கறள் விடும், அங்கேயே பூஞ்சணம் தொடங்கும். கரையோர வீட்டுக்குத் தண்ணீரில் தோய்க்கக்கூடிய தனி லைனிங்தான் பொருத்தம், எவ்வளவு நல்ல உலர்சலவைக் கடை இருந்தாலும்.

பொறுப்புக் கொடுக்கும் முன் துணியில் தைத்த பராமரிப்புச் சீட்டைப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து என்றால் பெர்குளோரோஎதிலீன் என்ற கரைப்பானைத் தாங்கும். 'எஃப்' என்றால் மென்மையான ஐதரோகாபன் கரைப்பான் மட்டும். 'டபிள்யூ' என்றால் கடையில் செய்யும் ஈரச்சலவை. வட்டத்தின் மேல் பெருக்கல் குறி விழுந்தால் அந்த முறை கூடாது. சீட்டு முன்துணியைப் பற்றி மட்டும் பேசும், லைனிங்கைத் தையற்காரர் வேறு கடையில் வாங்கியிருப்பார். ஆகவே தையற்காரரையும் கேட்க வேண்டும். பீவீசீ பூசிய லைனிங் என்றால் பெர்குளோரோஎதிலீன் அதை வளையவைக்கும் இளக்கியை உறிஞ்சிவிடும், திரை தகரம்போல விறைத்துத் திரும்பிவரும்.

கடையில் கேட்டவை நாலு. கரைப்பானிலா, தண்ணீரிலா? இங்கேயே செய்வதா, வேறிடத்துக்கு அனுப்புவதா? பக்ரம் உள்ள கொசுவத்தை எப்படி அழுத்துவீர்கள்? சுருங்கினால் என்ன கணக்கு? கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் வாங்க வேண்டும், ஏனென்றால் இத்தொழிலில் 3 வீதம் வரையான சுருக்கம் வழமை என்று கொள்வார்கள். 230 சென்ரிமீற்றரில் அது ஏழு சென்ரிமீற்றர். முதல் கடையில் "எல்லாம் ஒண்டுதான் அக்கா, தோய்ச்சுத் தருவம்" என்றார்கள். அங்கே கொடுக்கவில்லை. இரண்டாவது கடையில் அளவெழுதி, ஏற்கனவே இருந்த வெயில் நிறமாற்றத்தைப் பற்றுச்சீட்டில் குறித்து, கொழுக்கிகளை எண்ணித் திருப்பித் தந்தார்கள். திரும்பி வந்தபோது 1 சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். யன்னலோரம் மங்கிய பட்டை துப்புரவான பிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அது சலவையின் குற்றமல்ல.

புது லைனிங் வெட்டும்போது

வெயில் தின்ற ஒன்றுக்குப் பருத்தி லைனிங் புதிதாக வாங்கவேண்டி வந்தது. முடிந்த நீளம் 225.5, அடிமடிப்புக்கு 10, மேற்கரைக்கு 2, ஆக 237.5 சென்ரிமீற்றர் தேவை. தையற்காரர் அந்த அளவுக்கே வெட்டப் பார்த்தார். 5 வீதம் சுருங்கும் என்று கொண்டால் 250 சென்ரிமீற்றர் வாங்க வேண்டும். வாங்கிய துண்டை வெட்டாமல், மேலே சொன்ன சுடுநீர் முறையில் இரண்டு தரம் தோய்த்து, அரை ஈரத்தில் மூன்று புள்ளிச் சூட்டில் மினுக்கி, அதன் பிறகே அளந்து வெட்டினோம். 250 இல் மிஞ்சியது 239.5. இரண்டு சென்ரிமீற்றர் கையிருப்பு, அதையும் வெட்டி எறியாமல் அடிமடிப்புக்குள்ளேயே மடித்துத் தைக்கச் சொன்னோம்.